முடித்துக்கொள், காத்திருக்கிறேன்

1

இந்தக் கதை ஒரு கூலிக் கொலைகாரனிடமிருந்து எனக்குக் கிடைத்தது. அவன் பெயர் ஓர்மெத். 'உப்புக் கத்தி' என்கிற மூன்று பாக மாயக் காவியத்தின் நாயகன். சூனியக்காரர்களும் செத்துப்போன கடவுள்களும் நிறைந்த, பக்கத்துக்கு ஒரு பிணமாவது விழுகிற நாவல் அது. நாற்பத்தாறு வயதுப் பெண்மணி படிக்கிற புத்தகமா இது என்று யாரும் கேட்க வேண்டாம். படித்தேன், பிடித்தது, அவ்வளவுதான்.

மற்றதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். போன வருடம் மார்ச்சில் என் கணவர் ஒராஸ், உறைந்த பால்கஷ் ஏரியின் பனிமேல் ஜீப்பில் மீன்பிடிக்கப் போனார், திரும்பவில்லை. அதை எனக்குச் சொல்லும் வேலை அவருடைய தம்பி எர்மெக்கின் தலையில் விழுந்தது. எர்மெக் அப்போது கரகண்டா நகரத்தில் கண் ஆஸ்பத்திரியில் இருந்தான். நான்தான் அவனுக்குத் துணை. அவனுக்கு 'உப்புக் கத்தி' மூன்றாம் பாகத்தைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அவன் அந்த நாவலை வைத்தே செய்தியைச் சொல்லப் பார்த்தான். எனக்குப் புரிய நான்கு நாள் ஆனது.

கதை எழுதுகிறவள் இப்படி எல்லாவற்றையும் முதல் பக்கத்திலேயே கொட்டக் கூடாதுதான். ஆனால் ஒளித்து வைத்துச் சொல்லப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை உங்களுக்குச் செய்ய மாட்டேன்.

இன்று மதியம் ஒராஸின் பெரியப்பா துர்சுன் வருகிறார். ஒராஸுக்கு ஆண்டு நினைவு விருந்து வைக்க நாள் குறிக்க வேண்டும். உடல் கிடைக்கவில்லை. மனைவி தலையாட்டாமல் அந்த விருந்துக்குக் குதிரை அறுக்க முடியாது. தலையாட்டினால் அவர் செத்துவிட்டார் என்று நானே சொன்னதாக ஆகும். பெரியப்பா வருவதற்குள் இந்தக் கதையை முடித்துவிட்டால் என்ன சொல்வது என்று எனக்கே தெரிந்துவிடும் என்று நம்பி எழுத உட்கார்ந்திருக்கிறேன். இப்போது மணி ஒன்பதே கால்.

2

தூக்கிப் போட்ட தொடக்கங்கள்:

அன்று காலை ஏரியின்மேல் பனி— (வேண்டாம். எங்கள் ஊர்ப் பத்திரிகையில் இருபது வருடமாகப் பிழை திருத்துகிறேன். காலையில் தொடங்கும் கதைகளை மட்டும் ஒரு மூட்டை கட்டலாம்.)

ஒராஸ் என்றொரு மீன்பிடிப் பைத்தியம் இருந்தார். அவர்— (இருந்தார். இருக்கிறார். இந்த ஒரு சொல்லில் போன வாரம் முழுக்க நின்றேன்.)

ஓர்மெத் கதவைத் தட்டினான். உள்ளே அவள் சூப் வைத்துக்கொண்டிருந்தாள்— (இது என் வரி இல்லை, நாவலின் வரி. அதையும் மனதிலிருந்துதான் எழுதுகிறேன். சரியாக இருக்காது.)

சரி, ஆஸ்பத்திரியிலிருந்து தொடங்குகிறேன்.

3

எர்மெக்குக்கு வயது முப்பத்தெட்டு. ரயில் எஞ்சின் ஓட்டுகிறான். வலது கண்ணில் விழித்திரை கழன்றுவிட்டது. அறுவை செய்து, கண்ணுக்குள் ஏதோ வாயுவை நிரப்பி, பத்து நாள் முகம் கீழே பார்க்கக் குப்புறப் படுத்திருக்க வேண்டும் என்றார்கள். நெற்றிக்கும் கன்னத்துக்கும் அண்டை கொடுத்து, நடுவில் ஓட்டை விட்டு, கட்டில் விளிம்புக்கு வெளியே நீட்டியிருக்கிற ஒரு தலையணை கொடுத்தார்கள். அதில் முகத்தைப் புதைத்துத் தரையோடு பேசினான். அவன் பேசுவது கேட்க நான் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு குட்டை முக்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அவனுக்கு இரண்டு கண்ணிலும் கட்டு.

கொழுந்தன் பெயரை நாங்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. பட்டப்பெயர்தான் வைப்போம். கல்யாணமாகி நான் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பதினைந்து வயது, தலை நிறையச் சுருட்டை முடி. இப்போது முடி இல்லை, பெயர் மட்டும் இருக்கிறது.

"சுருட்டை, இன்னிக்கு எவ்வளவு படிக்கணும்?"

"ஒரு அம்பது பக்கம் படிங்க அண்ணி. வேற வேலை என்ன இருக்கு எனக்கு, இந்தத் தரையில நாப்பத்தியொரு ஓடு இருக்குன்னு கட்டுப் போடறதுக்கு முன்னாடியே எண்ணிட்டேன்."

"படிக்கிறேன். நடுவுல குறட்டை விட்டா புத்தகத்தாலயே மண்டையில போடுவேன்."

"ஏற்கெனவே கண்ணு போச்சு. மண்டையையும் எடுத்துக்கோங்க."

அறையில் இன்னொருவர் இருந்தார். கார்லோவிச், எழுபது வயதுச் சுரங்கக்காரர், ஜெர்மன் வம்சம். கண்புரைக்காக வந்தவர். முதல் நாள், பேய்க்கதையெல்லாம் சத்தமாகப் படிக்காதீர்கள் என்று முணுமுணுத்தார். இரண்டாம் நாள் நான் தேநீர் வாங்கப் போய்த் திரும்பியபோது, "எங்க போயிட்ட, அந்தப் பாவி அங்க வாசல்லயே நிக்கிறான்" என்று என்னைத் திட்டினார்.

நாவலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். ஓர்மெத் காசுக்குக் கொல்கிறவன், ஆனால் அவனுக்கு ஒரு விதி உண்டு. கொல்லப் போகிற ஆள் ஏதாவது செய்துகொண்டிருந்தால் அதை முடிக்க விடுவான். கடிதம் எழுதினால் கையெழுத்துப் போடும்வரை, சாப்பிட்டால் கடைசி வாய்வரை. "முடித்துக்கொள், காத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வாசலில் நிற்பான். முதல் பாகத்தில் சில்லே என்கிற படகுக்காரி அவனைப் பாய்க்கடியில் ஒளித்து வைத்துக் காப்பாற்றுகிறாள். மூன்றாம் பாகத்தில் அவளையே கொல்லச் சொல்லி ஆணை வருகிறது. போகிறான். அவள் சூப் வைத்துக்கொண்டிருக்கிறாள். அவனுடைய விதி அவளுக்குத் தெரியும். சூப் வற்ற வற்றத் தண்ணீர் ஊற்றுகிறாள். சூப் முடியவில்லை. அவன் வாசலில் நிற்கிறான். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள்.

ஞாயிற்றுக்கிழமை இதைப் பற்றி எங்களுக்குள் பெரிய சண்டை.

"இது இரக்கம் இல்ல, சுருட்டை. கொல்லப் போறவன் கொன்னுட்டுப் போகணும். வாசல்ல நின்னு அவளைச் சித்திரவதை பண்றது என்ன தர்மம்?"

"அந்த மூணு நாள் அவ உயிரோட இருக்கால்ல?"

"பயந்துக்கிட்டு இருக்கா."

"இருந்தாலும் இருக்கா அண்ணி."

"அவனுக்குக் கை நடுங்குது. அதுக்குத்தான் விதி, கிதின்னு பேர் வச்சிருக்கான். கோழை."

கார்லோவிச் போர்வைக்குள்ளிருந்து, "மூணு நாளா தண்ணி ஊத்தினா அதுல இப்ப என்ன ருசி இருக்கும்னு யாராவது யோசிச்சீங்களா" என்றார். மூன்று பேரும் சிரித்தோம். எர்மெக் குலுங்கக் கூடாது என்பதால் அவன் மட்டும் மூக்கால் சிரித்தான்.

4

(தேவையான ஓர் இடைச்செருகல். தெரிந்தவர்கள் தாண்டிப் போகலாம்.)

எங்கள் பக்கம் சாவுச் செய்தியை நேரே போட்டு உடைக்க மாட்டோம். நாலைந்து பெரியவர்கள் சேர்ந்து போவார்கள். தேநீர் குடிப்பார்கள். ஒருவர், கை நழுவிப் பறந்துபோன கழுகைப் பற்றியோ மந்தையை விட்டுப் பிரிந்த குதிரையைப் பற்றியோ தொடங்குவார். கேட்கிறவர் கேட்டுக் கேட்டு, ஓர் இடத்தில் தானே வாயைத் திறந்து "யார்?" என்று கேட்க வேண்டும். கேட்ட பிறகுதான் பெயரைச் சொல்லலாம். கேட்காதவரிடம் சொல்வது கத்தியால் குத்துவதற்குச் சமம் என்பார்கள்.

படித்தவள் என்கிற திமிரில் இதையெல்லாம் நான் கிண்டல் செய்திருக்கிறேன். ஒரு கட்டுரைகூட எழுதியிருக்கிறேன். அதில் ஒரு வரி: "நம் மக்களைப் போலக் குறிப்பறிந்து கேட்பவர்கள் உலகில் இல்லை." இதை எழுதிய கை என்னுடையதுதான்.

5

திங்கட்கிழமை சாயங்காலம் ஒராஸோடு பேசினேன். தினமும் அன்றன்று படித்த பகுதியை அவருக்குப் போனில் சொல்வது வழக்கம். அவர் புத்தகத்தைத் தொட மாட்டார், கதையை மட்டும் கேட்பார்.

"சூப் என்னாச்சு?"

"இன்னும் கொதிக்குது. நாப்பது பக்கம்தான் பாக்கி. நாளைக்கு முடிச்சிடுவேன்."

"முடிக்காத. நாளைக்குக் காலைல ஏரிக்குப் போறேன், வியாழக்கிழமை கரகண்டா வரேன். கடைசியை நாலு பேரும் சேர்ந்து கேக்கலாம்."

"நாலாவது ஆள் யாரு?"

"அந்தச் சுரங்கக்காரர். அவரை விட்டுட்டா பாவம்."

"மார்ச் மாசத்துப் பனி. கவனமாப் போங்க."

"கதவைத் திறந்து வச்சுத்தான் ஓட்டறேன்."

இதுதான் கடைசிப் பேச்சு. (இதை நான் மெருகேற்றவில்லை. மெருகேற்றியிருந்தால் இன்னும் நல்லதாக ஏதாவது சொல்லியிருப்பேன்.)

செவ்வாய்க்கிழமை பிற்பகல் நான் மோர் வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரம் எர்மெக்குக்குப் போன் வந்தது. பெரியப்பா பேசினார். ஏரியில் பனி உடைந்து ஒரு குழி, அதுவரை ஒராஸ் ஜீப்பின் தடம், அதற்கப்பால் தடம் இல்லை. ஆட்கள் தேடுகிறார்கள். அவளிடம் யாரும் சொல்ல வேண்டாம், நீ பக்கத்தில் இருக்கிறாய், நீதான் பக்குவமாகக் கொண்டுபோக வேண்டும் என்றாராம். கண்ணைக் கட்டிக் குப்புறக் கிடக்கிறவனிடம் இந்த வேலையைக் கொடுத்தார்கள். கார்லோவிச் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

நான் திரும்பி வந்ததும் எர்மெக் முதலில் கேட்டது என் போனை.

"எதுக்கு?"

"குதிரையில ஏறி ஆட்டை இழுக்கற போட்டி வர்ணனை கேக்கணும் அண்ணி. என் போன்ல நெட்டு தீர்ந்துபோச்சு. ரெண்டு மூணு நாள் இங்கயே இருக்கட்டும்."

கொடுத்தேன். நெஞ்சுக்கு அடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் படுத்தான். ஒராஸ் கூப்பிடுவாரே என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். "ஏரியில சிக்னல் ஏது" என்றான். உண்மைதான், அங்கே சிக்னல் கிடையாது.

6

செவ்வாயிலிருந்து வெள்ளிவரை. இந்த நான்கு நாளைத்தான் நான் பத்து மாதமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன். எழுத்துப் பிழை தேடுகிற கண்ணுக்கு இப்போது ஒவ்வொரு வரியிலும் குறிப்பு தெரிகிறது.

செவ்வாய். கடைசி நாற்பது பக்கத்தைத் தொட மாட்டேன், ஒராஸ் வரட்டும் என்றேன். எர்மெக் நெஞ்சுக்கு அடியிலிருந்த போனை இன்னும் உள்ளே தள்ளினான். பிறகு, "அப்ப பையில இருக்கற முதல் பாகத்துலேர்ந்து திரும்பப் படிங்க. சில்லேயோட புருஷன் ஆத்துல போற எடம்" என்றான்.

"அது ரெண்டு பக்கம்தானே வரும்."

"அந்த ரெண்டு பக்கம் போதும்."

படித்தேன். சில்லேயின் கணவன் வெள்ளத்தில் போய்விடுகிறான், அவள் மறுநாளே படகை எடுக்கிறாள். "இந்த எடம் ரொம்ப மட்டம்" என்றேன் நான். "ஒரு நாளாவது அழ விட்டிருக்கணும். ஆசிரியருக்கு அவசரம்."

புதன். "அண்ணி, சில்லே இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"படகை எடுத்திருக்க மாட்டேன். எனக்கு ஓட்டத் தெரியாது."

"வெளையாடாதீங்க."

"நீதான் வெளையாடற. கதாபாத்திரத்துக்கும் வாசகருக்கும் நடுவுல தூரம் வேணும், சுருட்டை. அதுதான் இலக்கியம்." இந்த வாக்கியத்தைச் சொன்னது நான்தான்.

வியாழன். ஒராஸ் வர வேண்டிய நாள். நான் தலைக்குக் குளித்து, நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஜன்னலில் நின்றேன். எர்மெக், வழியில் பனிப்புயல், சாலையை மூடிவிட்டார்கள் என்று நர்ஸ் சொன்னதாகச் சொன்னான். வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதையும் நான் நம்பினேன். பால்கஷ் பக்கம் புயலாக இருக்கும் என்று நானே அவனுக்கு விளக்கினேன். கார்லோவிச் எழுந்து வந்து, வீட்டிலிருந்து வந்த ஆப்பிள் ரொட்டியில் பெரிய துண்டை என் கையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்தார். மனிதர் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை எர்மெக் ஒரு கழுகைப் பறக்கவிட்டான். "எங்க தாத்தாகிட்ட ஒரு கழுகு இருந்துச்சு அண்ணி. ஒரு நாள் ஏரிப் பக்கம் விட்டாரு—"

"உங்க தாத்தா கணக்கெழுதறவரு. அவர்கிட்ட கோழிகூட இல்லன்னு ஒராஸ் சொல்லியிருக்காரே."

நிறுத்திக்கொண்டான்.

(வாசகரே, உங்களுக்குப் பொறுமை போயிருக்கும். எனக்கும்தான். அந்த முக்காலியில் உட்கார்ந்திருப்பவளைத் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அந்த நான்கு நாளும் அவள் நிறையச் சிரித்தாள். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. சில சமயம் பொறாமையாகவும் இருக்கிறது.)

7

எர்மெக் என்கிற பாத்திரத்தின்மேல் எனக்குச் சந்தேகம்.

மேலே எழுதியதைப் படித்தால் அவன் நல்லவன். கண்ணைக் கட்டிக்கொண்டு அண்ணிக்காகத் துடிக்கிறவன். முதல் பிரதியில் அவனைக் கோழையாக எழுதியிருந்தேன். போனைப் பிடுங்கிக்கொண்டான், பொய் சொன்னான், என் கணவரைத் தேடிக்கொண்டிருந்தபோது என்னைப் பழங்கதை படிக்க வைத்தான். குழி விளிம்பில் நின்று கத்திக் கூப்பிடும் உரிமை எனக்கு இருந்தது. அதைத் திருடினான். இரண்டாம் பிரதியில் அந்த ஆத்திரத்தை அடித்தேன். மூன்றாவதில் திரும்பச் சேர்த்தேன். இது ஆறாவது பிரதி. இரண்டும் இருக்கின்றன, எதை அடிப்பது என்று தெரியவில்லை.

அவனுடைய அண்ணனும்தானே அவர். அதை நான் நான்காம் பிரதிவரை யோசிக்கவே இல்லை.

8

வெள்ளிக்கிழமை மதியம்.

நான் முக்காலியில் உட்கார்ந்து பொரித்த மாவுருண்டை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். மடியில் பொட்டலம், கையில் தேநீர். காலையில் என்னை வெளியே அனுப்பிவிட்டு எர்மெக் பெரியப்பாவோடு பேசியிருக்கிறான். ஜீப்பை மேலே தூக்கிவிட்டார்கள். உள்ளே யாரும் இல்லை. ஓட்டுநர் பக்கத்துக் கதவு திறந்திருந்தது. இது எனக்கு அப்போது தெரியாது.

"சாப்பிடறீங்களா அண்ணி?"

"ஆமா. உனக்கு ஒண்ணு தரவா, ஓட்டை வழியா?"

"வேணாம்." பிறகு தலையணைக்குள்ளிருந்து சொன்னான்: "முடிச்சுக்கோங்க அண்ணி. நான் காத்திருக்கேன்."

கேலி என்றுதான் முதலில் நினைத்தேன். பதிலுக்கு ஏதோ சொல்லக் குனிந்தேன். தலையணை ஓட்டைக்கு நேர் கீழே தரை ஓடு ஈரமாக இருந்தது. நான் பார்க்கும்போதே நனைந்த கண்கட்டிலிருந்து இன்னொரு சொட்டு விழுந்தது. அழக் கூடாது, இருமக் கூடாது, குலுங்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவன் குலுங்கவில்லை. துளிகூட அசையாமல் சொட்டிக்கொண்டிருந்தான். அங்கே எத்தனை நாளாக ஈரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நொடியில் போன், புயல், கழுகு, ஆப்பிள் ரொட்டி எல்லாம் சேர்ந்து வந்தன.

ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். "யாரு?" அவன் சொல்லியிருப்பான், நான் கத்தியிருப்பேன், எல்லாரும் செய்வதைச் செய்திருப்போம். நான் கேட்கவில்லை. இன்னொரு மாவுருண்டையை எடுத்து வாயில் போட்டு மென்றேன். அது முடிந்ததும் இன்னொன்று. பொட்டலத்தில் பதினொன்று இருந்தன. தேநீர் ஊற்றி ஊற்றி இறக்கினேன். கார்லோவிச் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்க் கதவைச் சாத்தினார். எர்மெக் காத்திருந்தான்.

கடைசி உருண்டையைச் சாப்பிடவில்லை. கைக்குட்டையில் சுற்றிப் பையில் வைத்தேன். "மீதியை அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன். சாயங்கால ரயிலில் ஊருக்குப் புறப்பட்டேன்.

* அந்தக் கண் அவனுக்குத் திரும்பவில்லை. அழுததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, அறுவையே பலிக்கவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் காகிதத்தை எர்மெக் எனக்காகக் கேட்டு வாங்கி வந்தான். நான் அதை நம்புகிறேனா என்று அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது எஞ்சின் ஓட்டுவதில்லை, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளன்.

* அந்தக் கதவு. அதில்தான் நான் பத்து மாதமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறேன். திறந்திருந்தால் வெளியே குதித்திருக்கலாம் அல்லவா? ஆனால் எங்கள் ஏரியில் பனிமேல் எல்லோருமே கதவைத் திறந்து வைத்துத்தான் ஓட்டுவார்கள், உடைந்தால் குதிப்பதற்காக. எனவே கதவு திறந்திருந்ததற்கு அர்த்தமே இல்லை. இதை எனக்கு எட்டுப் பேர் விளக்கியிருக்கிறார்கள்.

9

சாத்தியமான முடிவுகள்:

அ) ஒராஸ் குதித்து, நீந்தி, பனியில் ஏறி, எதிர்க்கரையில் ஒரு மீனவர் குடிசையில் நினைவு தப்பிக் கிடக்கிறார். (எழுதவே கூச்சமாக இருக்கிறது. இதைத் தனித்தனியாகப் பதினான்கு தடவை எழுதியிருக்கிறேன். ஒரு பிரதியில் அவருக்குத் தாடி வளர்ந்திருக்கிறது.)

ஆ) நான் "யாரு?" என்று கேட்கிறேன். பெரியப்பா பெயரைச் சொல்கிறார். குதிரை அறுக்கிறார்கள், இருநூறு பேர் சாப்பிடுகிறார்கள், எனக்குத் தூக்கம் வருகிறது.

இ) எதுவுமே நடப்பதில்லை. பெரியப்பா இன்னொரு வருடம் காத்திருக்கிறார். அவருக்கு வயது எண்பத்தொன்று. போன மாதம் எர்மெக்கிடம், "நான் போறதுக்குள்ள அவனுக்கு ஒரு பிடி சோறு போட்டுட்டுப் போகணும்டா" என்று சொல்லியிருக்கிறார்.

ஈ) நாவலின் கடைசி நாற்பது பக்கத்தில் ஓர்மெத் என்ன செய்கிறான் என்று பார்த்து, அதன்படி நானும் செய்வது. உலகத்தில் லட்சம் பேருக்கு அந்த முடிவு தெரியும். பத்திரிகை அலுவலகத்தில் ஒரு பெண் சொல்ல வாயெடுத்தாள், காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினேன். சேர்ந்து கேட்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். நான் முடித்துவிட்டால், வந்து யாரோடு கேட்பார்?

ஈ-யை எழுதி முடித்ததும் சிரித்துவிட்டேன், பிறகு கொஞ்சம் அழுதேன். மணி பதினொன்றரை.

10

எர்மெக் முன்னாலேயே வந்துவிட்டான். பெரியப்பா வரும்போது துணைக்கு இருக்கலாம் என்று வந்ததாகச் சொன்னான். கையில் மூன்றாம் பாகம். ஆஸ்பத்திரியில் நான் மறந்து வந்ததை அவன்தான் இத்தனை நாள் வைத்திருந்தான். நாற்பது பக்கம் மிச்சமிருக்கிற இடத்தில் அன்று மோர் வாங்கிய கடைச் சீட்டு இன்னும் செருகியிருக்கிறது.

"நீ படிச்சிட்டியா?"

"இல்ல அண்ணி."

"பொய் சொல்லாத. ஒரு கண்ணு நல்லாத்தானே இருக்கு."

"நீங்க இல்லாம எப்படிப் படிக்கிறது? கார்லோவிச் வேற மாசத்துக்கு ரெண்டு தடவை போன் பண்றாரு. அந்தக் கிறுக்கன் இன்னும் வாசல்லயே நிக்கிறானான்னு."

"என்ன சொன்ன?"

"நிக்கிறான்னேன்."

பிறகு பத்து மாதமாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். "அந்த நாலு நாளு. உனக்கு எப்படி இருந்துச்சு?"

நல்ல கண்ணைத் தேய்த்துக்கொண்டான். "நீங்க சிரிக்கறப்பல்லாம் அண்ணன் இன்னும் இருக்காருன்னு இருந்துச்சு. இன்னும் ஒரு நாள் சிரிக்கட்டும், இன்னும் ஒரு நாள் சிரிக்கட்டும்னே போயிடுச்சு. உங்களுக்காகப் பண்ணல அண்ணி. எனக்காகத்தான் பண்ணினேன்."

(ஏழாம் பிரிவைத் திருத்த வேண்டும். இப்போது நேரமில்லை.)

அடுப்பில் சூப் கொதிக்கிறது. பெரியப்பாவுக்காக வைத்த ஆட்டிறைச்சி சூப். ஒன்பது மணிக்கே தயாராகிவிட்டது. எழுத உட்கார்ந்ததிலிருந்து இரண்டு தடவை எழுந்து போய்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன். வற்றிவிடக் கூடாதே என்றுதான் ஊற்றினேன் என்று நினைத்தேன். இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

11

பெரியப்பா வந்துவிட்டார். நோட்டை அடுப்பு மேடையில் வைத்து நின்றபடியே எழுதுகிறேன்.

மேல்கோட்டைக் கழற்றி எர்மெக்கிடம் கொடுத்தார். மேசைக்கு வந்தார், மூச்சு வாங்க உட்கார்ந்தார். தேநீர் சாசரில் சிந்துகிறது. இரண்டாம் கிண்ணமும் குடித்தாயிற்று. என் முதுகைப் பார்த்துப் பேசத் தொடங்கிவிட்டார்.

"மருமகளே, எங்ககிட்ட ஒரு நல்ல குதிரை இருந்துச்சு. பழுப்பு நிறம். நெஞ்சு அகலம். சொன்ன பேச்சு கேக்கற குதிரை. போன வருஷம் பனி உருகறதுக்கு முன்னாடி ஏரிப் பக்கம் போச்சு—"

அங்கே நிறுத்திவிட்டார். பத்து மாதமாக அதே இடத்தில்தான் நிறுத்துகிறார். வயதான மனிதர் காத்திருக்கிறார். எர்மெக் மேசையில் புத்தகத்தை அந்தச் சீட்டு வைத்த இடத்தில் திறந்து, கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, அவனும் காத்திருக்கிறான். நான் திரும்பிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

சூப் மறுபடி வற்றிவிட்டது. எலும்பு தெரிகிறது. அடுப்பை அணைக்கிற திருகி, நோட்டை அழுத்திப் பிடித்திருக்கும் என் இடது கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வலது கையில் பென்சில். குழாயடியில் தண்ணீர் நிரப்பிய குவளை. பென்சிலைக் கீழே வைத்தால்தான் இரண்டில் ஒன்றைச் செய்ய முடியும், வைத்தால் கதை நின்றுவிடும்.

உங்களுக்குக் கை நடுங்காது. மீதியை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். நான் காத்திருக்கிறேன்.